பாரோ தாக்சங் மடம் (பூட்டான்): முட்டிவலி உள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏற முடியுமா?

ஊட்டிக்குளிர் கேட்டது:

வணக்கம். ஏப்ரல் நடுவில் பூட்டான் போகிறோம். மொத்தம் ஐந்து பேர்: நானும் கணவரும், அப்பா (66), அம்மா (62), பத்து வயது மகன். ஐந்து இரவு தங்கல். பாரோவில் மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தாக்சங் மடத்துக்குப் போவதுதான் முக்கிய நோக்கம். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, மற்றபடி வருடாவருடம் பழனிக்குப் படி வழியாகவே ஏறுபவர். அம்மாவுக்கு வலது முட்டியில் தேய்மானம். படி இறங்கும்போதுதான் வலி அதிகம்.

பயண ஏற்பாட்டாளர் "குதிரை இருக்கிறது, கவலை வேண்டாம்" என்கிறார். அதை நம்பலாமா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நாளில் வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே என்ன முறை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லோரும் சைவம்.

---

ஒற்றையடிப்பாதை எழுதியது:

குதிரையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டம் அதில்தான் தொங்குகிறது. குதிரை மேலே மட்டும்தான் கொண்டுபோகும், அதுவும் பாதி வழிக்குத்தான். நடுவழி உணவகம் வரை, அல்லது அதற்குச் சற்று மேலே வரை. கீழே இறங்க ஆள் ஏற்றுவதில்லை. சரிவில் குதிரை முன்னங்காலில் சறுக்கினால் உட்கார்ந்திருப்பவர் அதன் தலைக்கு மேலாகப் போய் விழுவார். அதனால் சவாரி முடிந்ததும் குதிரை வெறுமுதுகோடு திரும்பிவிடும். இறங்கும்போது முட்டி வலிக்கும் ஒருவருக்குக் குதிரை தீர்த்துவைப்பது வேறு யாருடைய பிரச்சினையையோ. மூச்சு வாங்குபவருக்கு அது உதவி. முட்டி தேய்ந்தவருக்கு இறக்கம் முழுக்க அப்படியே பாக்கி நிற்கும்.

பாதையின் கணக்கைப் பாருங்கள். வண்டி நிற்கும் அடிவாரம் சுமார் 2600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உணவகம் 2940 மீட்டரில், மடம் 3120 மீட்டரில். ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், அதாவது ஏறக்குறைய 170 மாடிக் கட்டடத்தின் உயரம். போக வர ஆறு, ஆறரை கிலோமீட்டர்தான். தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

முதல் பகுதி அடிவாரத்திலிருந்து உணவகம் வரை. பைன் காட்டுக்குள் அகலமான மண்பாதை, வளைந்து வளைந்து ஏறும். தொடக்கத்திலேயே ஓடைத் தண்ணீரால் சுழலும் பிரார்த்தனைச் சக்கரங்கள் இருக்கின்றன. பாதை கடினமில்லை, ஆனால் நிற்காத ஏற்றம். மழை பெய்திருந்தால் சேறும் குதிரைச் சாணமும் கலந்து வழுக்கும். நிதானமாக நடப்பவருக்கு ஒன்றரை மணி நேரம்.

உணவகத்திலிருந்து எதிர்முகக் காட்சிமுனை வரை இரண்டாம் பகுதி. ஏற்றம் கொஞ்சம் தணியும், ஆனால் காற்று மெலிந்திருப்பது இங்கேதான் உறைக்கும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இதன் முடிவில் மடம் நேர் எதிரே, ஏறக்குறைய உங்கள் கண்மட்டத்திலேயே நிற்கும். எல்லோரும் பார்க்கும் அந்தப் படம் எடுக்கப்படுவது இங்கிருந்துதான். கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும், ஆனால் நடுவில் ஒரு பெரிய பிளவு.

மூன்றாம் பகுதி அந்தப் பிளவைக் கடப்பது. கல்படிகளில் நானூறுக்கு மேல் இறங்கி, 60 மீட்டர் அருவியின் அடியில் பாலத்தைக் கடந்து, மறுபக்கம் இருநூற்றுச் சொச்சம் ஏற வேண்டும். கம்பித் தடுப்பு உண்டு. திரும்பும்போது இதே கணக்கு தலைகீழாகும்: மடத்திலிருந்து இறங்கி, களைத்த காலோடு அந்த நானூறையும் ஏற வேண்டும். அப்பாவுக்குப் பழனிக் கணக்கிலேயே சொல்வதானால், போக வர ஏறும் படிகளை மட்டும் கூட்டினாலே ஒரு பழனி, இறங்கும் படிகள் இன்னொரு பழனி. மண்பாதை ஏற்றம் தனி.

நேரம்: காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் கால் வைத்துவிடுங்கள். பாதை பெரும்பகுதி நிழலாக இருக்கும், குதிரை நெரிசலும் தொடங்கியிருக்காது. எட்டரைக்கு உணவகம் (தேநீர் மட்டும், பத்து நிமிடம்), ஒன்பதே முக்காலுக்குக் காட்சிமுனை, பத்தேகால் பத்தரைக்கு மடம். உள்ளே ஒரு மணி நேரம். மதியம் ஒரு மணி வாக்கில் சன்னதிகளைச் சாப்பாட்டுக்காக மூடுவது வழக்கம். ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் வாசலில் போய் நிற்பார்கள். திரும்பும்போது உணவகத்தில் மதியச் சாப்பாடு, இரண்டரை மூன்றுக்கு அடிவாரம்.

நுழைவுச் சீட்டு அடிவாரத்தில்தான் வாங்க வேண்டும், மேலே கிடையாது. இதை மறந்து மேலே போய்ச் சேர்பவர்கள் உண்டு. ஊன்றுகோலும் அங்கேயே சொற்ப வாடகைக்குக் கிடைக்கும். ஐந்து பேரும் எடுங்கள், மகனுக்கும் சேர்த்து. பெருமை பார்க்க வேண்டாம்.

குதிரை பின்னால் வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். மூட்டையோடு வரும் குதிரை இடம் பார்த்து ஒதுங்காது, உரசிக்கொண்டுதான் போகும்.

---

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

மேலே சொன்னது சரி. உடம்பு பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

3100 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். பழனியில் நிற்காமல் ஏறுபவர் இங்கே ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றால் அது நோயல்ல, கணக்கு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நில்லுங்கள்.

வந்திறங்கிய மறுநாளே ஏற வேண்டாம். பாரோவும் திம்புவும் 2200 முதல் 2400 மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு, முடிந்தால் மூன்று இரவு தூங்கிய பிறகு ஏறினால் உடம்பு பழகியிருக்கும். கடைசி நாளுக்கும் தள்ள வேண்டாம், மழை பெய்துவிட்டால் மாற்ற நாள் இருக்காது. ஐந்து இரவுத் திட்டத்தில் நான்காம் நாள் சரியாக இருக்கும். ஐந்தாம் நாள் தொடை வலிக்கும் மழைக்கும் ஒதுக்கிய நாள்.

அதே நாள் கீழே இறங்கிவிடுவதால் கடுமையான மலைநோய் வருவது அரிது. ஆனாலும் விடாத தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் மேலே போகாமல் இறங்குங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணம்தான் அங்கே ஆபத்து. மலைநோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று போடாதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்பாவின் ரத்த அழுத்த மருந்து சிறுநீர் பிரிக்கும் வகையா என்பதையும் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால் தண்ணீர் அளவில் கூடுதல் கவனம் வேண்டும். காலை மாத்திரையைத் தவறவிடாமல் போட்டுக்கொண்டு ஏறட்டும். இதய நோய் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் ஏறவே கூடாது.

ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய் அல்லது பேரீச்சை. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் முதல் அரை மணி நேரம் திண்டாட்டமாகிவிடும்.

அம்மா விஷயத்தில் என் கருத்து: உணவகம் வரை, அதற்கு மேல் வேண்டாம். அந்த 340 மீட்டரை இறங்குவதே அவருக்கு வேலைதான். இரண்டு ஊன்றுகோல், முட்டிக்கு உறை, குட்டிக் குட்டி அடி. இறங்கும்போது ஊன்றுகோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, முதலில் கோலை ஊன்றி, பிறகு வலிக்கும் காலை இறக்கி, கடைசியில் நல்ல காலை இறக்க வேண்டும். ஏறும்போது நேர்மாறு, நல்ல கால் முதலில். ஊரிலேயே ஒரு மாதம் மாடிப்படியில் பழகினால் பழக்கம் வந்துவிடும்.

---

ஊட்டிக்குளிர் கேட்டது:

மிக்க நன்றி. குதிரை இறங்காது என்று ஏற்பாட்டாளர் சொல்லவே இல்லை. அம்மாவை உணவகத்தில் விட்டால் இரண்டு மூன்று மணி நேரம் தனியாக உட்கார முடியுமா? அங்கிருந்து மடம் தெரியுமா? உள்ளே என்ன முறை என்றும் யாராவது சொல்லுங்கள், தெரியாமல் ஏதாவது தப்பாகச் செய்துவிடக் கூடாது.

---

தர்மச்சக்கரம் எழுதியது:

உணவகத்து முற்றத்திலிருந்து மடம் நன்றாகவே தெரியும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், மேலே. கழிவறை, தேநீர், உட்கார இடம் எல்லாம் உண்டு. அதற்கு மேலே கழிவறை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், எல்லோரும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெயில் மறைந்தால் குளிரும், அம்மாவிடம் சால்வையும் ஒரு கம்பளித் தொப்பியும் இருக்கட்டும். பாலத்துப் பக்கமும் மலைமுகட்டிலும் கட்டியிருக்கும் பிரார்த்தனைக் கொடிகள் அசைவதை அங்கிருந்தே பார்க்கலாம். என்னைக் கேட்டால், மூச்சு முட்ட மேலே ஏறி நான்கு சன்னதியையும் அவசரமாகப் பார்த்து வருவதைவிட அது குறைவான தரிசனம் அல்ல.

இனி உள்ளே. வாசலில் பை, செல்பேசி, கேமரா எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே படம் எடுக்கவே முடியாது. பலர் செய்யும் தவறு, பணப்பையையும் சேர்த்துப் பூட்டிவிட்டு உண்டியல் முன் வெறுங்கையோடு நிற்பது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களைச் சட்டைப்பையில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள், சன்னதிக்கு ஒன்று போதும். அப்பாவுக்கு அவசர மாத்திரை ஏதாவது இருந்தால் அதுவும் சட்டைப்பையில்.

முழுக்கால் உடை, தோளும் கையும் மறையும் மேலுடை. அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள், இது மகனுக்கும்தான். வாசலில் தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு சன்னதியிலும் செருப்பைக் கழற்றித்தான் நுழைய வேண்டும். பலகைத் தரையும் கல்லும் பனிக்கட்டி போலச் சில்லென்றிருக்கும். ஏறும்போது வியர்வையில் நனைந்த காலுறையோடு நிற்பது கொடுமை, காய்ந்த ஜோடி ஒன்றை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறைகளில் பாதி நமக்குப் பழக்கமானவையே. வலம் வருவது நம் கோயில் போலத்தான், வழியில் வரும் தூபிகளையும் வலப்புறம் வைத்தே கடக்க வேண்டும். பிரார்த்தனைச் சக்கரத்தைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுழற்றுங்கள். சிலையைச் சுட்டுவிரலால் காட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். தரையில் உட்கார்ந்தால் கால் சன்னதியை நோக்கி நீளக் கூடாது. துறவி மயிலிறகு செருகிய கலசத்திலிருந்து தீர்த்தம் ஊற்றினால் வலது உள்ளங்கையைக் குழித்து வாங்கி, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை உச்சந்தலையில் தடவிக்கொள்வது வழக்கம். விழுந்து வணங்குவதானால் மூன்று முறை: கூப்பிய கையை உச்சி, தொண்டை, நெஞ்சு என்று வைத்துப் பிறகு மண்டியிட்டு நெற்றி தரையில். கட்டாயமில்லை, கைகூப்பி நின்றாலும் மரியாதைதான்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் நல்லது, அதனால் சுருக்கமாக. 'தாக்' என்றால் புலி, 'சங்' என்றால் அது தங்கும் இடம். ஆங்கிலத்தில் 'கூடு' என்று போட்டுவிட்டார்கள், புலி கூடு கட்டாது. எட்டாம் நூற்றாண்டில் குரு ரின்போச்சே, அதாவது பத்மசம்பவர், பெண்புலியின் மேல் ஏறிப் பறந்து வந்து இங்கே குகையில் தவமிருந்தார் என்பது நம்பிக்கை. புலிமேல் நிற்கும் உக்கிர வடிவத்துக்கு தோர்ஜே துரோலோ என்று பெயர். ஓவியங்களில் செம்மேனியும் தீச்சுவாலையும் புலியும் பார்த்தால் அதுதான். அவர் தவமிருந்த குகை பெரும்பாலான நாட்கள் மூடியே இருக்கும், கதவுக்கு வெளியே நின்று வணங்குவார்கள். இன்று பார்க்கும் கட்டட அமைப்பைத் தொடங்கியவர் அன்றைய ஆட்சித்தலைவர் தென்சின் ரப்கியே, ஆண்டு 1692. 1998 ஏப்ரல் 19 அன்று தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. பழைய அமைப்பையே பின்பற்றி மறுபடி கட்டி முடித்தது 2005இல். "முந்நூறு வருடத்து மரம்" என்று யாராவது தூணைத் தட்டிக் காட்டினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பெரும்பாலோர் தவறவிடும் ஒன்றும் உண்டு. அருவிப் பாலத்துக்குப் பக்கத்தில் பாறைப் பிளவுக்குள் செருகியது போல ஒரு சின்னத் தவக்கூடம் இருக்கும். குருவின் சீடரும் துணைவியுமான யேஷே சோக்யால் தவமிருந்த இடம் என்கிறார்கள். களைப்பில் தலையைக் குனிந்து படியையே பார்த்து நடந்தால் கண்ணில் படாது.

சைவச் சாப்பாடு கவலையில்லை. உணவகத்தில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, காய்கறி கிடைக்கும். எமா தட்சி என்பது மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த கூட்டு. அங்கே மிளகாய் வாசனைக்குப் போடுவதில்லை, அதுதான் காய்கறி. இறங்க வேண்டிய பாதி வழி பாக்கி இருக்கும்போது மகனுக்கு அதைக் கொடுக்காதீர்கள். சுஜா என்று தேநீர் தந்தால் அது வெண்ணெயும் உப்பும் போட்டது. பால்சர்க்கரைத் தேநீர் வேண்டுமானால் 'ங்கஜா' என்று கேளுங்கள்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

காகிதமும் காசும் யாரும் சொல்லவில்லை.

ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு பூட்டான் போக முடியாது. ஆறு மாதம் செல்லுபடி பாக்கியுள்ள கடவுச்சீட்டு, அல்லது வாக்காளர் அட்டை. பையனுக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழின் மூலப்படி. விமான நிலையத்திலும் புன்ட்ஷோலிங் எல்லையிலும் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பூட்டான் அரசு சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் வளர்ச்சிக் கட்டணம் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, 6க்குக் கீழ் இல்லை. உங்களுக்கு: பெரியவர்கள் நால்வர் × 1200 × 5 இரவு = 24,000, பையன் 600 × 5 = 3,000, ஆக 27,000. இது விடுதி, வண்டி, வழிகாட்டி, மடத்துச் சீட்டு எதையும் சேர்க்காத தொகை. ஏற்பாட்டாளரின் விலையில் இது அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். மடத்துச் சீட்டும் மலிவல்ல, அதையும் தனியாகக் கேளுங்கள்.

அங்கத்திய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, நம் 100 ரூபாய்த் தாள் எங்கும் செல்லும். மீதியை நுல்ட்ரமாகக் கொடுத்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், இந்தியாவுக்குள் எல்லை ஊர்களைத் தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். யூபிஐ 2021 முதல் அங்கே உண்டு, ஆனால் அதை நம்பி மலையடிவாரத்தில் குதிரைக்காரரிடம் பேரம் பேச வேண்டாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பூட்டான் நேரம் நமக்கு அரை மணி நேரம் முன்னால். செல்பேசி தானாக மாறாமல் இந்திய நேரத்திலேயே நின்றுவிட்டால் ஏழு மணிக்கு வரச்சொன்ன ஓட்டுநர் உங்கள் கணக்குக்கு ஆறரைக்கே வந்து நிற்பார். பாரோ நகரிலிருந்து அடிவாரம் அரை மணி நேரம்.

---

ஒற்றையடிப்பாதை எழுதியது:

ஏப்ரல் என்றதால் இரண்டு சேர்க்க வேண்டும். பாதையோரம் ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும் காலம், நல்ல தேர்வு. ஆனால் பாரோ ட்செச்சு திருவிழா பூட்டான் நாட்காட்டிப்படி மார்ச் அல்லது ஏப்ரலில் வரும். உங்கள் தேதி அதோடு மோதினால் விடுதியும் பாதையும் நிரம்பிவிடும். முன்பதிவுக்கு முன் அந்த ஆண்டின் தேதியைப் பாருங்கள். பிற்பகலில் திடீர் மழையும் வரலாம், மழைச்சட்டை பையில் இருக்கட்டும். குடை வேண்டாம், படியில் ஒரு கையாவது கம்பியைப் பிடிக்க வேண்டும்.

காலணி புதிதாக வாங்குவதானால் ஒரு மாதம் முன்பே வாங்கி நடந்து பழக்குங்கள். கால்நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுப்பது இங்கே சர்வசாதாரணம்.

அம்மாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. உணவகம்கூட வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால், பாரோவிலேயே சமதரையில் கிச்சு லாகாங் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய அரசர் சோங்சென் கம்போ கட்டியதாகச் சொல்லப்படும் கோயில், பூட்டானின் மிகப் பழையவற்றில் ஒன்று. வண்டி வாசல் வரை போகும், படி என்று பெயருக்குத்தான். உள்ளூர்ப் பாட்டிகள் நாள் முழுக்கச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வலம் வருவார்கள், அம்மாவும் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். ஓட்டுநர் உங்களை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இறக்கிவிட்டு அம்மாவை அங்கே கொண்டுபோய், மதியம் விடுதியில் சேர்த்துவிட்டு, இரண்டரைக்கு உங்களை எடுக்க வரலாம். இதை முந்தின நாளே அவரிடம் பேசி வையுங்கள். காலையில் அடிவாரத்தில் நின்று பேச ஆரம்பித்தால் ஏழு மணி எட்டாகிவிடும்.

---

ஊட்டிக்குளிர் எழுதியது:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உணவகம் வரை குதிரையில் ஏறி, அங்கே உட்கார்ந்து, மெதுவாக நடந்து இறங்குகிறேன் என்கிறார். கிச்சு லாகாங் மூன்றாம் நாள் எல்லோரும் சேர்ந்து. ஏற்பாட்டாளரிடம் தாக்சங்கை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

---

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

சரி, அப்படியானால் அம்மாவுடன் இறங்க ஒருவர் கூட இருக்க வேண்டும். நீங்கள் மேலே இருக்கும்போது அவராகக் கிளம்பிவிடக் கூடாது. வழிகாட்டி உங்களோடு மேலே வருவார், அதனால் அம்மா உங்களுக்காக உணவகத்திலேயே காத்திருக்கட்டும். இறங்கும்போது துணைக்கு வருபவர் அம்மாவுக்கு முன்னால், ஒரு அடி கீழே நடக்க வேண்டும், பக்கத்தில் அல்ல. கை பிடித்து இழுக்க வேண்டாம், தோளைப் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள்.